புரட்டாசியில் பவளம் தின்ற மீன்

…இல்ல தம்பி, இத இனிமே வச்சிக்க முடியாது லா. கிள்ளான்ல எத்தன மீன் கட இருக்கு, உங்ககிட்டதானே வாங்குனேன், நீங்களே சும்மா எடுத்துக்குங்க. ரெண்டு வருசமா வளத்தேன். கைய வச்சா வந்து வெரல முட்டுவான், அதெல்லாம் சரி. ஆனா தொட்டியில இருக்குற பவளத்த எல்லாம் கொத்திக் கொத்தி மொட்டையாக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, உஷா, ஒண்ணு மீனு, இல்ல பவளம்னு. பவளம் அவரு ஆசையா வாங்குனது. ரவாங்லேருந்து கோமுட்டர் ரயில்ல மடியில வச்சிக் கொண்டாந்தாரு, பக்கத்துல யாரையும் உக்கார விடாம.

நான் என்ன செய்யாம விட்டேன், சொல்லுங்க. கல்ல மாத்தி அடுக்குனேன். கண்ணாடி வச்சேன், தன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்னு. ரெண்டு நாளு பாத்தான். அப்புறம் சலிச்சிப் போச்சி போல. பவளத்து மேல இடியாப்பத் தட்டக் கவுத்தேன். பிளாஸ்டிக் தட்டு, புதுசு, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்குனது. ஓட்டைக்குள்ள வாய உட்டுக் கொத்துறான். இப்ப வீட்டுல இடியாப்பமும் இல்ல, பவளமும் இல்ல.

எப்பலேருந்தா? ஒரு மூணு வாரமா. அதுக்கு முன்னாடி தங்கமானவன்.

தீனியா? நல்லாத்தான் போடுறேன். கங்கோங் கீரைய அவிச்சி, பொடிப்பொடியா நறுக்கி, மூணு வேளையும்…

எறாவா? தம்பி, இது புரட்டாசி மாசம். முட்ட கூட கெடையாது. அவனோட எறா பாக்கெட்டு எல்லாத்தையும் பக்கத்து வீட்டு மே லிங்குகிட்ட குடுத்துட்டு, ஃப்ரீசரக் கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சேன். ஒரு வீட்டுல ஒருத்தருக்கு சைவம், ஒருத்தருக்கு அசைவம்னா விரதம் என்னத்துக்கு ஆவும்? அவனும் நம்ம வீட்டுப் புள்ளதானே.

என்னது, பவளம் செடி இல்லியா?

…உசுரா? வாய் இருக்கா? அதுவும் புடிச்சித் திங்குமா?

அப்ப மூணு வாரமா, சாமி மேடைக்கு எதுத்தாப்புல, இவன் தெனம் அசைவமாத்தான் தின்னுருக்கான்.

கங்கோங்க அவன் தொடவேயில்ல தம்பி. தின்னுட்டான்னு நெனச்சேன், நேத்து ஃபில்டரத் தொறந்தா அவ்வளவும் அங்க கெடக்குது. பசியில கொத்திருக்கான், நான் தட்டக் கவுத்திருக்கேன். நான்தான் பட்டினி போட்டுருக்கேன். மனசு கஷ்டமா இருக்கு.

அந்த மீன் பைய இப்படிக் குடுங்க. இல்ல, குடுக்கல. யாரு குடுக்குறேன்னு சொன்னா? ஒரு எறா பாக்கெட்டு எடுங்க, மே லிங் ஃப்ரீசர்ல வச்சிக்கிறேன். எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டாருன்னா, விரதம் இருந்துதான் திருந்திட்டான்னு சொல்லிருங்க.