நேற்றைய அளவே

எடை பார்க்கச் சரியான நேரம் காலை. கழிவறைக்குப் போய் வந்த பிறகு, வாயில் எதுவும் போடுவதற்கு முன். இதைத் தினமும் நாற்பது பேருக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் என் வேலை.

நாற்பது பேரும் இதய நோயாளிகள். இதயம் சோர்ந்தால் உடம்பில் நீர் தேங்கும். மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை ஏறிவிடும். அவர்கள் சொல்லும் எண்ணைக் கணினியில் பதிவேன். சட்டென்று இரண்டு கிலோ ஏறினால் பெயர் சிவப்பாகும். டாக்டர், மருந்தகம், ஆம்புலன்ஸ் மூன்று இடத்துக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அதில் ‘நேற்றைய அளவே’ என்று ஒரு பொத்தான் உண்டு. எடை மாறாதவர்களுக்காக வைத்தது. போன் எடுக்காதவர்களுக்கும் நாங்கள் அதையே அழுத்துவோம். பதினொரு மணிக்குள் பட்டியல் நிரம்பாவிட்டால் மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். “கட்டம் காலியா இருக்கு. என்ன, ஆளே காலியா?” என்பார். எல்லோரும்தான் அழுத்தினோம்.

என் பட்டியலில் முப்பத்தேழாவது பெயர் என் அப்பாவுடையது.

முதல் முறை அவர் சிவப்பானபோது ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: இன்னொரு முறை சிவப்பானால் பகல் முழுக்க வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அம்மா இல்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. தங்கைக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர இன்னும் மூன்று வாரம்.

“சின்னவ இருக்காளே, அவ பாத்துக்குவா” என்றார் அப்பா.

“அவளுக்குக் காலேஜுப்பா.”

“நீ படிச்சுக் கிழிச்சது போதாதா? டொக்கு டொக்குன்னு பொட்டி தட்டுற. அதுக்கு ஒரு பட்டம்.”

தங்கை பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். எனக்கு அந்த வேலை தெரியும். பள்ளியில் முதலாவதாக வந்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த இரண்டு வருடமும் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போடவில்லை.

அப்பா வீடு திரும்பிய அடுத்த வாரமே அவர் எடை ஏறத் தொடங்கியது. அவருக்குப் பார்வை மங்கல். எண்ணை நான்தான் படிப்பேன்.

“எவ்ளோடி?”

“அதேதாம்ப்பா. அறுபத்திரண்டு.”

அறுபத்து நான்கரை. அலுவலகத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். தங்கை மறுபடி பெட்டியை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“செருப்பு கடிக்குது” என்றார் ஒரு நாள். கால் வீங்கியிருந்தது. ஓர் அளவு பெரியதாக வாங்கிக் கொடுத்தேன். “பரவால்லயே, அக்கறையாத்தான் இருக்க” என்றார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். தலையணை இன்னொன்று வைத்தேன்.

டாக்டர் போனில் கூப்பிட்டார். “உங்கப்பா எடைக் கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா. வீட்டுக்கு வீடு உன்ன மாதிரி ஒருத்தி இருந்தா நான் கடையைச் சாத்திடலாம்.” நீர் பிரிவதற்கான மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மருந்தகத்துக்கு உடனே தகவல் போயிற்று. அன்று மாலையே புது அளவில் மாத்திரை வீட்டுக்கு வந்தது. சொன்னேனே, நல்ல ஏற்பாடு.

கடைசிக் காலையில் எழுபத்தொன்று. திரையில் அறுபத்திரண்டு, பச்சை.

மற்றவர்களைப் போல அவசரத்தில் அழுத்திவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர்கள் எடை தெரியாமல் அழுத்தினார்கள். நான் தெரிந்தே அழுத்தினேன். தங்கை படிக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் கோபம், பழி எதுவும் இல்லை.

அவர் சாகும்போது வீட்டில் யார் இருந்தது என்றால், அத்தை. அப்பாவின் அக்கா. தங்கை போன மறுநாளே மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். “இனிமே நான் இருக்கேன், நீ நிம்மதியா வேலைக்குப் போ” என்றார். பகல் முழுக்க அப்பா பக்கத்தை விட்டு நகரவில்லை. “என்னடி இவன் மூஞ்சி ஊதிக் கெடக்கு?” என்று கேட்டபோது, “நீங்க ஆக்கிப் போடுறது உடம்புல ஒட்டுது அத்தை” என்றேன். பூரித்துப் போனார். அவர் வந்த பிறகு தங்கையைத் திரும்பக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதன் பிறகு முப்பத்தொரு காலை அந்தப் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் தங்கைக்காகத்தான்.