பல்லில் தெரிந்த முதுகுவலி

— வலி முதுகுல. நீ வாயைத் திறங்கிற. டிப்போவுல சொன்னா சிரிப்பாங்கக்கா.

— சிரிக்கட்டும். பல் டாக்டருக்குத் தம்பியாப் பொறந்துட்டு, பல்லைக் காட்டாமலே ஓடுனவன் நீ. ம்ம், நல்லாத் திற. இதென்னடா, இடது பக்கப் பல்லு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு?

— பஸ் டயரே ஒரு பக்கமாத் தேயுது. பல்லு தேஞ்சா என்ன?

— டயர் அப்படித் தேஞ்சா என்ன பண்ணுவ?

— டயரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அடியில எங்கயோ கோணியிருக்கும், அதைத் தேடுவேன்.

— அதையேதான் நானும் தேடுறேன். இந்த நீலத்தாளைக் கடி. ஆங்... பாத்தியா, இடது பக்கம் மட்டும்தான் மை ஒட்டியிருக்கு. இப்போ கண்ணாடியைப் பாரு. தலை எப்படி நிக்குது?

— நேராத்தான்.

— நேராவா! மூக்கு ஜன்னலை வேடிக்கை பாக்குது. இரு, நான் பிடிச்சு நேராக்குறேன். இப்போ கடி.

— கடிச்சாச்சு.

— அட! ரெண்டு பக்கமும் சமமா ஒட்டியிருக்குடா!

— அப்போ பல்லுல கோளாறு இல்லையா?

— பல்லு பாவம். கழுத்து திரும்புது, தாடையும் கூடவே போகுது, தோள் இறங்குது. எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சே உன் முதுகு நொந்துபோயிருக்கும்னு தோணுது. ஆனா கழுத்து எதுக்குத் திரும்புது? கல்யாண போட்டோவுல கம்பம் மாதிரி நிக்கிறியே.

— வண்டி ஓட்டி ஓட்டி வந்த பழக்கம்க்கா, விடு.

— வண்டி ஓட்டுறவன் ரோட்டைத்தானே பாக்கணும்? சரி, கை கழுவிட்டு வரேன்... டேய்... டேய், உன்னைத்தான்!

— கூப்பிட்டியா?

— மூணு தடவை. உன் இடது பக்கம் நின்னு.

— ஏதோ யோசனைக்கா.

— கண்ணை மூடு. சொடக்கு போடுறேன், எந்தப் பக்கம்னு சொல்லு.

— வலது.

— இப்போ?

— வலது.

— ரெண்டையும் உன் இடது காதுகிட்டதான்டா போட்டேன். எப்போதிலிருந்து கேக்கல?

— மெதுவாப் பேசுக்கா, என் வீட்டுக்காரி வெளியில உக்காந்திருக்கா. கல்யாணமான அடுத்த வருஷம் காய்ச்சல்ல கெடந்தேனே, அப்போ போனது. கண்டக்டர் விசில் இடது பக்கம் பின்னால இருந்து வரும். வலது காதை அந்தப் பக்கம் திருப்பினாத்தான் கேக்குது.

— டிப்போவுல சொன்னியா?

— சொன்னா ஸ்டியரிங்கைப் பிடுங்கிட மாட்டாங்களா? எனக்கு வேற என்னக்கா தெரியும்?

— பஸ் நிறைய ஜனங்கடா.

— தெரியாமலா? போன வாரம் பக்கத்து பஸ் விசிலை நம்ம விசில்னு நினைச்சு, ஒரு அம்மா இறங்கி முடிக்கிறதுக்குள்ள வண்டியை நகத்திட்டேன். சாமி புண்ணியம், கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைலருந்து கண்ணை மூடினா அந்தக் கைதான் தெரியுது.

— அப்போ நாளைக்கு நீ வண்டி எடுக்கல. காது டாக்டர்கிட்ட போறோம், நானும் வரேன். அப்புறம் டிப்போ. நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்.

— வேலை போயிட்டா?

— வேற வேலை கேப்போம். வழி இருக்கும்டா. அந்த அம்மா கை நழுவியிருந்தா?

— ...சரிக்கா, வரேன். ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிடாத. வீணாப் பயந்து சாவா.

— அண்ணி, உள்ள வரலாமா? கதவு சாத்தவே இல்ல, எல்லாம் கேட்டுச்சு.

— வாம்மா.

— ஏய், ஒண்ணுமில்ல. காதுல சின்ன அடைப்பு மாதிரி, அவ்வளவுதான்.

— அடைப்பா? நான் எதுக்குங்க கட்டில்ல பக்கம் மாறிப் படுத்தேன்?

— ஃபேன் காத்து வரலைன்னு சொன்னியே.

— காத்துக்காக இல்லங்க. நான் பேசுறது உங்களுக்குக் கேக்கணும்னுதான்.