தினமும் கோயிலுக்குப் போகிற பூக்காரி

பனவடலிசத்திரத்தில் இருந்து சங்கரன்கோவில் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில், மடியில் பிச்சிப்பூ மூட்டையோடு இருந்தவள், பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் சொன்னாள்.

"தெனமும் சாமி கும்பிடப் போறேன்னு சொல்லிட்டேன்ட்டி."

"யாருட்ட மதினி?"

"நேத்து காலேஜ்ல இருந்து வந்தாகள்லா. இலவச பஸ்னால பொம்பளைகளுக்கு என்ன லாபம்னு ஆராய்ச்சி பண்ணுதாகளாம். எதுக்குப் போறீகன்னு கேட்டாக. பூ யாவாரம்னு சொன்னா மாசாமாசம் வார உரிமைத்தொகைய நிப்பாட்டிருவாகளோன்னு பயம். தெருவே அப்படித்தான் சொல்லிச்சு."

"தெருவே சாமி கும்பிடுதா? நல்லாருக்கு. கண்டக்டர் டிக்கெட்டு எத்தன பேரு ஏறுனாகன்னுதான் சொல்லும். எதுக்கு ஏறுனாகன்னு நீங்கதான சொல்லணும்? பஸ்னால யாருக்கும் பொழப்பு இல்லைன்னு எழுதிட்டா, பெறகு இந்த பஸ்ஸு எதுக்குன்னு கேப்பாக. பஸ்ஸு நின்னா, பூவ மறுபடியும் ஊருக்கு வார யாவாரிட்ட, அவரு சொன்ன வெலைக்குப் போடுங்க."

இந்த பஸ்ஸை விட்டால் எனக்கும் வேறு வழி கிடையாது. கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க தெருவுக்கு என்னைக்கு வாராகளாம்?" என்று பூக்காரி அவளிடம் கேட்டாள்.

"நாளைக்கு."

"அப்ப நீ வேலைக்குப் போறதச் சொல்லிரு. என் பூவையும் சேத்துச் சொல்லு, பேரு மட்டும் சொல்லாத. உனக்குத்தான் அந்தத் தொகை வரலையே, நீ தைரியமா உண்மைய பேசலாம்."