முன்னாடி ரெண்டு போதும்

— மன்னிச்சுக்குங்க சார், சிரிக்கணும்னு சிரிக்கல. ஸ்பீக்கர்ல ஹாரன் அடிச்சதுக்கு நாற்காலிய விட்டே எந்திரிச்சு ஒதுங்கிட்டீங்களே!

— முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் தம்பி. ஹாரன் கேட்டா கால் தானா நகரும். ஏங்க, முட்டியில அடி பட்டுச்சா?

— ஒண்ணுமில்ல விடு. தம்பி, இந்தப் பின்னாடி இருக்கற பெட்டியெல்லாம் வேண்டாம். ஸ்டீரியோவே குடுங்க. முன்னாடி ரெண்டு போதும்.

— அது பாட்டு கேக்கறவங்களுக்கு சார். நீங்க படம் பாக்கத்தானே வாங்கறீங்க? ஹோம் தியேட்டர்னா சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்குத் தனியா ஒண்ணு. படத்துல மழை பேஞ்சா உங்க முதுகுக்குப் பின்னாடி ஜம்முனு பேயும்.

— கேட்டுக்குங்க. வேலைய விட்டதும் விட்ட படத்தையெல்லாம் சேந்து உக்காந்து பாப்போம்னு சொன்னது யாரு? டியூட்டி, டியூட்டின்னு ஒரு நாள் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?

— சொன்னேன். இல்லேங்கல.

— முதுகு வலின்னு போன வருஷமே வேலைய விட்டாச்சு. இன்னும் என்ன யோசனை?

— படம் பாப்போம். ரெண்டு ஸ்பீக்கர்லயே பாப்போம்.

— என்னமோ போங்க. பிடிச்ச பிடிய என்னிக்கு விட்டிருக்கீங்க.

— சார், இன்னொரு தடவை போடறேன் கேளுங்களேன். பின்னாடி கதவு திறக்கற சீன், அசந்துடுவீங்க.

— போடாதீங்கன்னா போடாதீங்க! … தப்பா நெனைக்காதீங்க தம்பி, கத்திட்டேன். ஸ்டீரியோன்னா எந்தச் சத்தமும் முன்னாடியே நிக்கும். பின்னாடி கதவு திறந்தா, அது நிஜமாவே எங்க வீட்டுக் கதவு. பக்கத்துல காலடி கேட்டா, அது நிஜமாவே இவ. எனக்கு அது பிரிச்சுத் தெரியணும்.

— இவ்வளவுதானா சார்? சந்தேகம் வந்தா ஒரு தரம் திரும்பிப் பாத்தா போச்சு.

— ஏங்க, தம்பி கேக்கறாரில்ல, சொல்லுங்க.

— திரும்பினா மட்டும்? நீ வாசப்படியில நின்னா ஒரு நெழல் நிக்குது, அவ்வளவுதான். முகம் தெரியல. முதுகு வலியெல்லாம் பொய். முதல்ல ஓரமா வர்ற வண்டி தெரியாமப் போச்சு. ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில தப்பினாரு. மறுநாளே போய் எழுதிக் குடுத்துட்டேன். போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்கிட்ட சொல்ல வாய் வரல. பயமா இருந்துச்சு.

— நான்… கொஞ்சம் வெளிய நிக்கறேன் சார்.

— இருங்க தம்பி, இனி மறைக்க என்ன இருக்கு. ஏங்க, எனக்கு முன்னாடியே தெரியும்.

— என்ன தெரியும்?

— ஒரு கன்னத்துல பாதி தாடிய விட்டுட்டு, ஷேவ் பண்ணியாச்சுன்னு வந்து நின்னீங்களே, அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். படம் தெரியாட்டியும் சத்தமாவது உங்களைச் சுத்தி இருக்கட்டும், நடுவுல உக்காந்த மாதிரி இருக்குமேன்னுதான் இதக் கேட்டேன். அது உங்களை இப்படித் திக்குத் தெரியாம ஆக்கும்னு என் மண்டைக்கு உறைக்கல. தம்பி, ஸ்டீரியோவே போட்டுக் குடுங்க.

— இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

— கேட்டா உடைஞ்சு போவீங்கன்னு விட்டேன். ஒரு வருஷமா வீட்டுக்குள்ள செருப்பு போட்டுத் தேச்சுத் தேச்சு நடக்கறேனே, தரை குளிருதுன்னா நெனச்சீங்க?