ரெண்டு சுத்து ஸ்பிரிங்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ். காதில் இயர்போன் மாட்டியிருந்தேனே தவிர பாட்டு எதுவும் ஓடவில்லை. ஒட்டுக்கேட்பவனும் கொஞ்சம் கௌரவம் பார்க்க வேண்டியிருக்கிறது. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மெக்கானிக், சட்டையெல்லாம் கிரீஸ்.

"போன் கேமுல எத்தன தடவ முட்டுனாலும் நம்ம ரேஸ் காரு எந்திரிச்சு ஓடுச்சுடா" என்றான் மெக்கானிக்.

"அது கேமு. நெசக் காருல எதுக்குடா ஸ்பிரிங்க வெட்டுன?"

"பிரவீன்தான் அவன் காருக்குக் கேட்டான். கேமுல ரேஸ் வண்டிய எறக்கி உட்டமல்ல, அதே மாதிரி தரையோட தரையா வேணும்னான். வண்டி எறங்கறதுக்கு நாலு வீலு ஸ்பிரிங்குலயும் ரெண்டு சுத்து வெட்டுனேன். பைபாஸ்ல ஒரு சின்ன மேடுதான். அவன் வேகத்துல ஏத்துனதும் வண்டி தூக்கி அடிச்சிருச்சு."

"ஐ.சி.யூ.ல கெடக்கறான். அவங்கப்பனுக்கு இது தெரியுமா?"

"அவரு நேத்து எங் கையப் புடிச்சுக்கிட்டு, 'வண்டில என்ன கோளாறுன்னு நீயே பாத்துச் சொல்லு சாமி, வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்'ங்கறாரு."

ராசிபுரம் தாண்டியதும் போன் அடித்தது. "அவருதான்டா" என்று சொல்லிவிட்டு எடுத்தான்.

"பாத்துட்டனுங்க. வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. பிரவீன்தானுங்க கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டான். ஆமாங்க. வந்துட்டே இருக்கறனுங்க."

நண்பன் அவன் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு அவன் கண்ணு முழிச்சா என்னடா பண்ணுவ?"

"முழிக்கறது கஷ்டம்னு நர்ஸ் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அழ ஆரம்பித்தான்.