நூறு வாட் பல்பு

புரட்டாசி மூன்றாம் வெள்ளி, காலை ஒன்பதே கால். கடைவாசலில் தண்ணீர் தெளித்திருந்தேன். தங்கப்பாண்டியன் வேனைக் கொண்டுவந்து அந்த ஈரத்தின் மேல் நிறுத்தினான். வருஷம் 2006. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

அவன் நாரணாபுரத்தில் பட்டாசுக் காண்ட்ராக்டர். பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கியிருந்தான். முகப்பு விளக்கு இரண்டும் மங்கல். அந்த வண்டிக்கு அறுபது வாட் பல்பு. இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை செய்கிறேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எடுத்து வைத்தேன்.

கடையில் நின்ற இரண்டு லாரிக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணாச்சி எனக்குச் சிம்னி வெளக்கு தாராக. எதுத்தாப்ல வாறவன் கண்ணு கூச வேண்டாமா? நூறு வாட்டு எடுங்க."

வண்டியின் மெல்லிய வயர் அதைத் தாங்காது, தனியாகத் தடித்த வயரும் ரிலேயும் வைக்க வேண்டும் என்றேன். ரிலே என்று ஒன்றைச் சொல்லித் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்றான். லாரிக்காரர்களும் சிரித்தார்கள்.

ஒருவனிடம் உண்மையை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொன்னால் அது கெஞ்சல்.

நூறு வாட்டையே மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. ஃபியூஸ் நல்ல பொருள். வயர் சூடேறுவதற்குள் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். அவன் டீக்கடையில் இருந்தான். ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக்கம்பியைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. திரும்பி வந்தவன் எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து என் தோளில் தட்டினான்.

வயர் கருகி நடுரோட்டில் நிற்பான், வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வருவான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். திருத்திக்கொள்ளுங்கள். ஃபியூஸ் பெட்டிக்குக் குனிந்தபோது டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாக்கு இருந்தது. உள்ளே திரிக்கட்டுகள். சீசனில் இங்கே வழக்கம்தான். வேலைக்குப் போன பெண்கள் வெடிமருந்துத் திரியைக் காலடியில் வைத்துக்கொண்டு அதே வண்டியில் வீடு திரும்புவார்கள். விளக்குக்குப் போகும் வயர் அந்தச் சாக்கின் மேல் உரசிக்கொண்டு கிடந்தது. நான் அதை விலக்கிவிடவில்லை.

அன்று மாலை ஆறே முக்காலுக்கு, வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் வண்டி எரிந்தது. ஆறு பெண்கள். அதில் பாண்டிச்செல்வி எங்கள் தெரு. தினமும் அந்த வண்டியில்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதுங்கள். மடையன் ஓட்டும் வண்டியில் ஏறுவதற்கு யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பீடியால் தீப்பிடித்தது என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் முடிவு செய்தார்கள். அதனால்தான் நானே வந்தேன். தெரியாத தொழிலைப் பற்றி எழுதக் கூடாது.

தங்கப்பாண்டியன் மட்டும் கதவோடு வெளியே விழுந்து பிழைத்தான். இங்கே வருவதற்கு முந்தின நாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கைகளில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். படுக்கச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகளப் பெத்தவுக வந்து வந்து கேக்காக. நான் பீடியே குடிக்கதில்ல. என்னத்தச் சொல்ல? நீங்க தொழில் தெரிஞ்ச ஆளு. தீ எங்கன இருந்து வந்துச்சு, அண்ணாச்சி?"