கூட்டிக்கொள்ள வேண்டிய ஒரு மணி நேரம்

ஈரக் காலுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டால் அறை முழுவதும் நாறும். இது யாரும் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. நான் ஏழு மாதம் சொன்னேன். கேலியாகச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், கடைசியில் ஒரு சீட்டில் எழுதி ஹீட்டர் மேலேயே ஒட்டினேன். அவள் அந்தச் சீட்டின் மேலேயே காலுறையை விரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

என் மொழியிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. முதல் நாள் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னபோது, நான் அழுதுகொண்டே பேசியதாகக் குறித்திருக்கிறார்கள். நான் அழவில்லை. எனக்கு ஜலதோஷம். அந்த வாக்குமூலத்தில் திருத்த வேண்டியவை வேறு சிலவும் இருக்கின்றன. வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியிலிருந்து இந்தக் கடலோரப் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவிகளாக வந்தவர்கள். நான் அவளுக்கு ஒரு வருடம் முன்னால் வந்தேன், அவள் இந்த வசந்தத்தில். எனக்கு மூன்றாவது விண்ணப்பத்தில்தான் இடம் கிடைத்தது. அதுவரை ஆறு வருடம் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மற்றவர்கள் ஆராய்ச்சி செய்து முடித்த குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கடைசித் தேதிக்கு முந்தின சாயங்காலம் படிவத்தை நிரப்பினாளாம். முதல் தடவையே கிடைத்துவிட்டது. இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் புறப்படுவதற்கு முன் அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்தார்.

"உன்னை நம்பித்தான்மா அனுப்புறேன். அவ வெகுளி. கையில வெச்சுக்கிட்டே தேடுவா. கூடப்பொறந்தவ மாதிரி நீதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்மா, கவலைப்படாதீங்க" என்றேன்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். விமான நிலையத்தில் போய் நின்றது நான். என் அறையில் இடம் கொடுத்தது, பஸ் அட்டை வாங்கிக் கொடுத்தது, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று காட்டியது எல்லாம் நான். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டாவது வாரமே என் துண்டு அவள் துண்டாகிவிட்டது.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்கு ஓரளவு தெரியும். கடல் உள்வாங்கும்போது எங்கள் கடல் ஆய்வு நிலையத்துக்கு எதிரே ஒரு மணல்திட்டு வெளியே வரும். அதில் நடந்து போய், அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை மணலில் வைத்து, அதற்குள் எத்தனை சிப்பி இருக்கிறது என்று எண்ணவேண்டும். பிறகு பத்தடி தள்ளி வைத்து எண்ணவேண்டும். கரைக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. கடல் திரும்பும்போது அந்தப் பள்ளம்தான் முதலில் நிறையும். திட்டில் குனிந்து எண்ணிக்கொண்டிருப்பவருக்குக் கால் நனைவதற்குள் முதுகுக்குப் பின்னால் வழி அடைந்துவிடும். ஆகவே நேரம் முக்கியம்.

நேரத்தைக் கடல் அட்டவணையில் பார்ப்போம். அதில் ஒரு சிக்கல். இந்த நாட்டில் கோடை வந்தால் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். குளிர் தொடங்கும்போது பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். எங்களைப் போலக் கடிகாரத்தைக் கிடக்கிறபடி விட்டுவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய கூத்து. அட்டவணை அச்சடிக்கிறவர்கள் இந்தக் கூத்தில் சேருவதில்லை. அதனால் கோடை முழுவதும் அட்டவணையில் உள்ள நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கடிகாரம் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் கூட்டக்கூடாது.

கூட்டச் சொல்லி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவள் பேனாவால் கையில் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது பலகை. நிலையத்தின் வாசலருகே எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வில்லை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. திட்டுக்குப் போகிறவர் அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு, திரும்பும் நேரத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். வந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டும். அன்றைக்குப் பலகைப் பொறுப்பில் இருப்பவர் எழுதிய நேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். நேரம் கடந்தும் சிவப்பு தொங்கினால் படகுக்காரரிடம் சொல்வார். அவர் போட்டை எடுத்துக்கொண்டு தேடப் போவார். இதைவிடச் சுலபமான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. அவளுக்கு அதுகூட வரவில்லை. போகும்போது சிவப்புக்குத் திருப்புவாள், வந்தபின் மறந்துவிடுவாள். மூன்று தடவை படகு கிளம்பிப் போய்த் திட்டைச் சுற்றி அலைந்தது. மூன்று தடவையும் அவள் கான்டீனில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் என் பொறுப்பு என்பதால் மூன்று தடவையும் திட்டு வாங்கியது நான்.

"உங்க தங்கச்சி சிவப்பு போட்டா நான் முதல்ல கான்டீன்ல போய்த் தேடுறேன், அப்புறமா கடலுக்குப் போறேன்" என்பார் படகுக்காரர். அவளும் அவரோடு சேர்ந்து சிரிப்பாள். அதற்குப் பிறகு அவளுடைய வில்லையைப் பச்சைக்குத் திருப்பும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். சிப்பி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினான்கு மாதம் நான் எண்ணினேன். குளிரில் விரல் விறைத்து, பென்சில் பிடிக்க வராமல், பல்லில் கடித்துக்கொண்டு எண்ணினேன். ஒரு மழை நாளில் பொழுது போகவில்லை என்று அவள் என் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினாள். சிப்பிகள் வருடத்துக்கு இத்தனை அடி என்று திட்டின் ஒரு ஓரத்தை நோக்கி நகர்கின்றன என்று கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானத்தில். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீ எண்ணினாய், அவள் பார்த்தாள்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. கட்டுரையில் அவள் பெயர் முதலில் வந்தது, என் பெயர் மூன்றாவதாக.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைப்பதற்கில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை படிப்புக் கால நீட்டிப்பு யாருக்கு என்று அறிவித்தார்கள். எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் இங்கேயே இருந்து முனைவர் பட்டம் வரை போகலாம். கிடைக்காவிட்டால் டிசம்பரில் திரும்பி, பழையபடி குடுவை. அது அவளுக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா? உங்களுக்குக் குடுக்கச் சொல்றேன். எனக்கு அடுத்த வருஷம்கூடக் கிடைச்சிடும்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் கேட்டு நின்றதை, சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்து வைப்பது போல என் முன்னால் வைத்தாள். என் கையைத் தொட்டாள். அவள் பொறாமைக்காரியாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

"வேண்டாம், நீயே வெச்சுக்கோ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பின்னால் வந்தது. செவ்வாய்க்கிழமை பலகைப் பொறுப்பு என்னுடையது. அட்டவணையில் வற்றும் நேரம் பன்னிரண்டு. ஒரு மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். அவள் வழக்கப்படி ஒன்றைக் கூட்டி, திரும்பும் நேரம் இரண்டு என்று எழுதினாள். அந்தத் தவறை நான் கவனிக்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கவனித்தேன். கவனித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். வளர்ந்த பெண், முனைவர் பட்டம் படிக்கப் போகிறவள். எத்தனை காலம்தான் ஒருத்தி பின்னாலேயே ஓடித் திருத்திக்கொண்டிருப்பது?

ஞாயிறு காலை நிலையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததாகச் சொல்கிறீர்கள். ஆமாம், வந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடிகார மாற்றத்தை நேரிலேயே நினைவுபடுத்துங்கள் என்று என்னைப் போன்ற மூத்தவர்களுக்கு வந்தது. "சொல்லிவிட்டேன்" என்று பதில் போட்டேன். அவள் அப்போது எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளை எழுப்புவது எனக்குப் பிடிக்காது.

செவ்வாய் ஒன்றேகாலுக்கு நிலையத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். பள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அவளுடைய மஞ்சள் சட்டை திட்டின் அந்த ஓரத்தில், என் சிப்பிகள் போய்ச் சேருகிற ஓரத்தில் குனிந்திருந்தது. நான் வாசலுக்குப் போய் அவளுடைய வில்லையைப் பச்சைக்குத் திருப்பினேன். அவள் வந்துவிட்டாள் என்று நினைத்துத் திருப்பியதாக முதலில் சொல்லியிருந்தேன். அதையும் அடித்துவிடுங்கள்.

சிறிது நேரத்தில் படகுக்காரர் வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சாம்மா? எஞ்சினுக்கு ஒரு பார்ட் வாங்கணும், டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"வந்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

அவர் பலகையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது அநியாயம், உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

இனி அந்தப் போன். ஒன்று முப்பத்தைந்துக்கு அவள் கூப்பிட்டாள் என்பதும், நாங்கள் நாற்பது வினாடி பேசினோம் என்பதும் உங்களிடம் உள்ள பட்டியலிலேயே இருக்கிறது. என்ன பேசினோம் என்பதுதான் இல்லை.

"அக்கா, பின்னாடி தண்ணி ஏறிடுச்சு. இடுப்பளவுதான் இருக்கும்னு நினைக்கிறேன். இறங்கி நடந்து வந்துடவா?"

வந்திருக்கலாம். இடுப்பளவுகூட இல்லை, அந்த நேரத்தில் தொடையளவுதான். நானே இரண்டு தடவை அதைவிட ஆழத்தில் நடந்து வந்திருக்கிறேன்.

"வராத. இழுத்துக்கிட்டுப் போயிடும். நீ அங்கேயே நில்லு, போட்டு கிளம்பிடுச்சு" என்றேன்.

"சரிக்கா."

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். போட்டு கண்ணுக்குத் தெரியவில்லையே என்றாள். குரல் நடுங்கியது, குளிராகவும் இருக்கலாம். வளைவுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, அசையாமல் நில் என்றேன். அதற்குப் பிறகு வந்த நான்கு அழைப்புகளை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவள் அவசர எண்ணுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று அவளுடைய அம்மா கேட்டு அழுகிறாராம். போட்டு வருகிறது என்று அக்கா சொன்ன பிறகு அவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்? இதை அந்த அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. திட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. அவள் நடுவிலிருந்த மேட்டுக்குப் போய் நின்றாள், கரையைப் பார்த்தபடி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதும் இறங்கி நடக்கப் பார்க்கவில்லை. மார்புக்கு வந்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றாள். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டாள். அந்தப் புத்தி முன்னாலேயே இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனத்தாங்கலும் வந்திருக்காது.